பரண்மேல் இருந்த சர்வர்

"வெளியிலேருந்து உள்ளே வர வழி பண்ணி வெச்சேன். அதுவே வினையாப் போச்சு" என்றபடி துப்பறிவாளரின் எதிரே உட்கார்ந்தார் அந்தத் தண்ணீர்ப் பரிசோதகர்.

சாயப்பட்டறையின் கழிவு கலக்கும் இடத்தில் ஆற்றுநீரைச் சோதித்து, அளவுகளைத் தன் வீட்டுச் சர்வரில் சேர்த்துவருபவர் அவர். ஆற்றங்கரையில் நின்றபடியே கைப்பேசியில் பதிய, கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர் இணைய வழி அமைத்துக் கொடுத்திருந்தார். பட்டறை மீதான வழக்கு விசாரணைக்கு வரும் நேரத்தில் அத்தனை அளவுகளும் அழிந்துவிட்டன.

"எப்போ?"

"நேத்து மத்தியானம்னு சர்வர்லயே பதிவாகியிருக்கு. அப்போ நான் ஆத்தங்கரையில. என்னென்னவோ பண்ணிப் பார்த்தும் சர்வர் கிடைக்கல. ரோடு தோண்டினவங்க கேபிளை அறுத்துட்டாங்களாம். சாயங்காலந்தான் சரியாச்சு. பார்த்தா எல்லாம் காலி! வழியை மூடிடுன்னு என் வீட்டுக்காரர் ஒத்தைக் கால்ல நிக்கிறார்."

"மத்தியானம் வீட்ல யாரு?"

"அவரும் அவர் தம்பியுந்தான்."

துப்பறிவாளர் தன் மைத்துனரையும் கூட்டிக்கொண்டு பரிசோதகரோடு அந்த வீட்டுக்குப் போனார். சர்வர் பரண்மேல் இருந்தது. ஏறிப் போக ஒரு செங்குத்தான ஏணி. பாஸ்வேர்டு எழுதிய காகிதம் திரையின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. கூடத்தில் கணவர், கடைக்காரர், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி தம்பி.

"அத்தான், முடிஞ்சது!" மைத்துனர் துள்ளினார். "தம்பிக்கு வேலையே பட்டறையிலதான். வேற யாரு?"

"அவசரப்படாதே மச்சான். முதல்ல வெளியாளைப் பார்ப்போம். நேத்து மத்தியானம் இவங்களாலயே வெளியிலேருந்து வர முடியல. அப்போ வேற எவன் வந்திருப்பான்?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "அதோட, வெளியிலேருந்து பார்க்கலாம், சேர்க்கலாம். அழிக்கணும்னா பரண்ல ஏறி அந்த மெஷின்லதான் உட்காரணும். அப்படித்தான் அமைச்சேன்."

"இந்தக் காலோட தம்பி ஏணி ஏற முடியாது" என்றார் துப்பறிவாளர். "மிச்சம் ஒருத்தர்தான்."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?" தம்பியின் குரல் உடைந்தது. "அந்தச் சாயக் கழிவுல வழுக்கி விழுந்துதான் இந்தக் கால் போச்சு. அண்ணி, அழிஞ்சதை மறுபடி கொண்டுவர முடியுமா?"

"முடியும்" என்றார் கடைக்காரர். "தினமும் ஒரு நகல் அதே இணைய வழியா என் கடைக்கு வந்து சேர்ந்துடும்."

பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கணவரை அவர் பார்க்கவில்லை.

"எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க. வழியை மூட வேண்டாம். பார்க்க மட்டும் பாஸ்வேர்டே இல்லாம திறந்து விடுங்க, ஊரே பார்க்கட்டும்."

"பட்டறைக்காரங்க சும்மா விடுவாங்களா?" என்றார் கணவர்.

"நான் மட்டும் சும்மா விடப்போறேனா?" என்று சொல்லிவிட்டு ஏணியில் காலை வைத்தார் பரிசோதகர்.