இரண்டாவது ரெக்கார்டு

காபித் தட்டோடு முன்னறைக்குள் ஜோசப்பின் நுழைந்தபோது, நாற்காலிகளில் கண்மூடி உட்கார்ந்திருந்த மூன்று ஆண்களும் ஒரே நொடியில் கண் திறந்தார்கள். அவளுடைய காலடிச் சத்தத்துக்குத் திறக்கவில்லை. அது அவளுக்கு உடனே தெரிந்தது. ஒரு பாட்டு முடிந்து ஊசியைத் தூக்கியதும், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படிப் பெருமூச்சு விட்டு, தோளைத் தளர்த்தி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பாட்டுப் பெட்டியின் மூடி சாத்திக் கிடந்தது. அதன் மேல் சுருட்டி வைத்த ஒயரும், போன வாரம் அவளே போர்த்திய பூப்போட்ட துணியும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இன்னாங்க, கரண்ட் இல்லியா?"

"இருக்குதே," என்றான் அவள் கணவன் காஸ்பர்.

"அப்பறம் ஏன் பாட்டு போடாம உக்காந்துனு இருக்கீங்க?"

பக்கத்திலிருந்த பெரியதம்பிதான் டம்ளரை வாங்கிக்கொண்டு, கோயிலிலிருந்து வெளியே வந்தவனைப் போல மெதுவாகச் சிரித்தான்.

"இப்பதான் முடிஞ்சுது அண்ணி."

எது முடிந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. தட்டை எடுக்கக் குனிந்தபோது முழங்கை அந்தத் துணி மேல் பட்டது. பெட்டி சூடாக இருந்தது. ரொம்ப நேரம் பாடினால் உள்ளே வால்வு காய்ந்து வருமே, கருகின தூசி வாசனை, அது துணிக்கு அடியிலிருந்து லேசாக எழும்பி அவள் மூக்கில் ஏறியது.

செஞ்சியில் அந்த மூன்று பேருக்கு மட்டும்தான் அந்தக் கிறுக்கு. காஸ்பர் கரண்ட் ஆபீசில் கிளார்க். பெரியதம்பி தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். சிங்கவரத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில் முதன்முதலாகப் பேன்ட் போட்டு வேலைக்குப் போனவன். விநாயகம் பாண்டிச்சேரி பஸ்ஸில் கண்டக்டர். பிரான்சுக்கே குடிபோய்விட்ட ஒரு பட்டாளத்துக்காரர், பாண்டி வீட்டில் போட்டுவிட்டுப் போன சாமான்களில் அந்த ரெக்கார்டு இருந்தது. விநாயகம்தான் அதைப் பழந்துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். 'ஸ்லோ லேன்டர்ன்' என்று யாரோ வெள்ளைக்காரப் பையன்களின் குழு. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. பூசையில் வாசிக்கிற ஆர்மோனியம் மாதிரி தொடங்கும். நடுவில் மழை பெய்யும், ரயில் போகும், யாரோ படியிறங்கி வருவார்கள், பிறகு கித்தார் அழும்.

கல்யாணமான புதிதில் ஜோசப்பினும் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று கேட்டிருக்கிறாள். பாட்டு புரியவில்லை. அதைக் கேட்கிற முகங்களைப் பார்க்கப் பிடித்திருந்தது. "கண்டவனையெல்லாம் நாற்காலி போட்டு உக்கார வெக்கிறீங்களே" என்று வீட்டுச் சொந்தக்காரர் அரங்கநாதன் பெரியதம்பியைக் குறித்து முனகியபோது, காஸ்பர் மறுநாளே கடைவீதியில் புது நாற்காலி ஒன்று வாங்கி, அரங்கநாதனின் கண்ணெதிரே அதைத் தலையில் வைத்துத் தூக்கிவந்து, அதில் பெரியதம்பியை உட்காரவைத்தான். அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டோம் என்று அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள்.

அந்தப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். மீதி அடுத்த ரெக்கார்டில் என்று அட்டையில் போட்டிருந்தது. அதற்காகக் காத்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் என்றார்கள். ஈஸ்டர் என்றார்கள். விநாயகம் பாண்டியில் கேட்டான், மெட்ராஸுக்கே போய் மவுண்ட் ரோடு கடைகளில் கேட்டான். "வரும், இன்னும் வரல" என்பதுதான் எல்லாரிடமும் கிடைத்த பதில். வராத பாட்டு எப்படி இருக்கும் என்று மூவரும் சாயங்காலமெல்லாம் சண்டை போட்டார்கள். பெரியதம்பி ஸ்டூலில் தாளம் தட்டுவான், விநாயகம் கண்டக்டர் விசிலையே ஊதிக் காட்டுவான், காஸ்பர் "இல்லடா, அங்க ஆர்கன் வரணும்டா" என்று கத்துவான்.

அதே காலத்தில்தான் மகள் லூர்துமேரி தவழ்ந்து, நடந்து, ஓடவும் தொடங்கினாள். பேசவில்லை. இரண்டு வயது தாண்டியும் ஒரு அம்மா இல்லை, ஒரு நைனா இல்லை. அழுகையில்கூடச் சத்தம் வராது. வாய் மட்டும் திறந்து மூடும். ஜோசப்பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனத்து டாக்டரிடம் தனியாகப் போனாள், மாதா கோயிலுக்குத் தனியாகப் போனாள், முழங்காலில் நின்றது தனியாக. "பேசும், பேசும், அவசரப்படாத" என்பான் காஸ்பர். ரெக்கார்டு வரவில்லையே என்று பட்ட கவலையில் காலே அரைக்கால் இதற்குப் பட்டிருந்தால் போதும் என்று அவள் மனசுக்குள் கரித்துக்கொட்டினாள். வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் காதில் விழுந்திருக்காது.

ஆடி மாதத்துக்குப் பிறகு சண்டை நின்றுபோனது. எல்லாரும் ஒத்துப்போனார்கள். தாளம் இல்லை, விசில் இல்லை. வருவார்கள், உட்காருவார்கள், கண்ணை மூடுவார்கள். அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருப்பவளுக்கு முன்னறையின் நிசப்தம் கனமாகக் கேட்கும். பெட்டியை யாரும் தொடாமலே அந்தக் கருகல் வாசனை மெல்ல வந்து குழம்பு வாசனையோடு கலக்கும். சுவரில் மூன்று தலை நிழல்களும் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே பக்கம் நிமிரும்.

பெரியதம்பியின் மனைவி அமிர்தவல்லி ஒருநாள் சிங்கவரத்திலிருந்து நடந்தே வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கண் கலங்கியிருந்தது.

"யக்கா, உங்க ஊட்ல இன்னாதான் நடக்குது? அவரு சோறு துன்றதே இல்ல. எதுனா கேட்டா, 'இரு, நல்ல எடம் வருது'ன்றாரு."

"எனக்கும் அதே கதிதான்."

"தூக்கத்துல பாடுறாருக்கா." அமிர்தவல்லி குரலைத் தாழ்த்தினாள். "கிட்ட போய் காது வெச்சுக் கேட்டேன். அது அவரு கொரலு இல்ல. ஒரு கொரலே இல்ல. ரெண்டு மூணு பேரு."

அன்று அவள் போன பிறகு ஜோசப்பின் ரெக்கார்டை அட்டையிலிருந்து உருவினாள். கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லில் ஓங்கி அடித்தாள். கறுப்புச் சில்லுகளை வாரி முறத்தில் போட்டு, கணவன் ஆபீசிலிருந்து வரும் வழியில், வாசலிலேயே வைத்தாள். அடிக்கட்டும். கத்தட்டும். அப்படியாவது தன்னை நிமிர்ந்து பார்க்கட்டும் என்றுதான் செய்தாள்.

காஸ்பர் முறத்தைப் பார்த்தான். கோபம் வரவில்லை. காலில் குத்தாதபடி சில்லுகளைத் தாண்டி உள்ளே வந்து சட்டையைக் கழற்றினான்.

"பரவால்ல ஜோசப்பின். அது பழசுதானே," என்றான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் கன்னத்தைத் தொட்டான். விரல் சில்லென்று இருந்தது. "புதுசு வந்துனு இருக்குது."

மறுநாள் காலை பால் ஊற்ற வந்த ராஜம்மாள், பால் அளக்கும் படியை நிமிர்த்திக்கொண்டே எதையோ முனகினாள். ஜோசப்பினுக்கு அந்த மெட்டு தெரியாது. ஆனால் அது போகிற போக்கு, இறங்கி இறங்கி, மாடிப்படியில் யாரோ கால் வைப்பது போல இறங்கும் அந்த நடை தெரியும்.

"இன்னா பாட்டு அது?"

"தெர்லமா. எங்கியோ கேட்டேன். வாயிலயே நிக்குது." ராஜம்மாள் சிரித்தாள். பால் படியில் நிறைந்து, வழிந்து, அவள் கால்மேல் கொட்டிக்கொண்டிருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மதியத்திலேயே ராஜகிரி மலை மேகத்துக்குள் போய்விட்டது. மூன்று பேரும் வேலைக்குப் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்தார்கள், ஈரம் சொட்டச் சொட்ட, தலைகூடத் துவட்டாமல். கரண்ட் போனது. ஜோசப்பின் சிம்னி விளக்கை ஏற்றி அடுப்படியில் வைத்துவிட்டு, கொல்லைக் கொட்டகையில் காய்ந்தும் காயாமலும் கிடந்த பிள்ளையின் கவுன்களை எடுக்கப் போனாள். தகரத்தின் மேல் மழை இரைந்தது. ஈர மண் வாசனை, சாணி வாசனை, எங்கோ அடைந்த சாக்கடையின் வாசனை. அதற்குள்ளே ஊடுருவி, கருகல்.

அப்போது அந்த முனகல் கேட்டது.

மெலிதாக, மூக்கால், நூல் போல. ஆண் குரல் இல்லை.

கவுன்களை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். முன்னறை இருட்டு. கண் பழகப் பழக நாற்காலிகள் தெரிந்தன. நாற்காலிக்கு நடுவில், பாட்டுப் பெட்டியின் மேல், பூப்போட்ட துணியில் கால் பதித்து லூர்துமேரி நின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளையின் வாய் திறந்திருந்தது. மூடவில்லை. அதிலிருந்து மெட்டு வந்தது. முதலில் ஆர்மோனியம். பிறகு மழை, வெளியே பெய்கிற மழை இல்லை, வேறொரு மழை. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. மூச்சு வாங்கவில்லை.

"மேரி!"

"உஸ்," என்றான் விநாயகம்.

காஸ்பர் அழுதுகொண்டிருந்தான். ஒரு வருடமாக மடியில் வைத்துக்கொள்ளாத மகளை இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேல் பிடித்தான். "கேட்டியா ஜோசப்பின்? அதே தான்! நாங்க கேட்ட அதே தான். எம் பொண்ணுக்கு வந்துடுச்சு!"

இதற்காகவா முழங்காலில் நின்றேன் என்று அவளுக்குள் ஒன்று எரிந்தது. பிள்ளையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். முதுகில் ஒரு அடி வைத்தாள். மெட்டு நின்றது. லூர்துமேரி அவளை ஒரு முறை பார்த்தாள், தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"நான் எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். வல்லத்துக்கு. இனிமே இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன்."

யாரும் தடுக்கவில்லை. காஸ்பர் மட்டும் கவலையோடு திரும்பிப் பெரியதம்பியிடம் கேட்டான்.

"வல்லத்துல கேக்குமா?"

பெரியதம்பி மழைப்பக்கம் காதைச் சாய்த்தான். "கேக்கும்," என்றான். "இன்னிக்கு எல்லா எடத்துலயும் கேக்கும்."

முந்தானையால் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு மழையில் நடந்தாள். கடைவீதியில் கதவுகள் திறந்து கிடந்தன, உள்ளே ஆளில்லை. ஒரு மளிகைக் கடையில் தராசு ஆடிக்கொண்டிருந்தது. சாக்கடைத் தண்ணீர் முழங்கால் வரை ஏறியது. பஸ் ஸ்டாண்டில் பெட்ரோமாக்ஸ் எரிவது தெரிந்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. ஜனம் இருந்தது. நிறைய ஜனம். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு பெண்கள், குடைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"வல்லத்து வழியாப் போற திண்டிவனம் பஸ்ஸு போயிடுச்சாமா?" என்று முதலில் நின்றவளைக் கேட்டாள்.

அந்தப் பெண் திரும்பவில்லை.

டீக்கடைக்காரனிடம் போனாள். அவன் வலது கையை உயர்த்தி டீ ஆற்றிக்கொண்டிருந்தான். கீழே கிளாஸ் எப்போதோ நிறைந்துவிட்டது. கொதிக்கக் கொதிக்க, ஆவி பறக்க, டீ அவன் இடது கை விரல்கள் மேல் கொட்டியது. தோல் வெளுத்து உரிந்திருந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

அவள் பின்னால் நகர்ந்தாள். குடைக்காரர்களின் குடைகள் மூடியிருந்தன. எல்லாரும் நனைந்தார்கள். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்றார்கள். மேற்கே. மலை இருக்கும் பக்கம். மேகம் மட்டுமே தெரிந்தது.

பஸ் வந்தது. வெளிச்சம் தண்ணீரில் விழுந்து ஆடியது. நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்தான். கதவைத் திறந்து இறங்கினான். பின்னால் பயணிகள், ஒருவர் பின் ஒருவராக, கூடைகளை ஸீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்கள். அவளைக் கடந்து நடந்தார்கள். கூட்டத்தோடு நின்றார்கள். முகத்தை மேற்கே திருப்பினார்கள்.

கூட்டத்தில் ஒரு அமைதி விழுந்தது. தொடங்கப்போகிறது என்று தெரிந்ததும் விழுகிற அமைதி.

பிறகு எல்லா முகங்களும் மலர்ந்தன. ஒரே நேரத்தில்.

ஜோசப்பின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். மழைதான். சூடான என்ஜின் மேல் துளி பட்டுச் சுரீர் என்றது. வேறு ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"யாராச்சும் பேசுங்களேன்," என்று கத்தினாள். "ஐயோ, யாராச்சும்…"

சின்னக் கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது.

தோளில் சாய்ந்திருந்த லூர்துமேரி அவளைப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கண்ணுக்குள் நேராக மழை விழுந்தது. இமைக்கவில்லை. ஈர உள்ளங்கை தாயின் உதட்டின் மேல் அழுந்தியது. இன்னும் அழுந்தியது. பிறகு மூக்கின் மேலும் ஏறியது.