பை தரையிலேயே இருக்கட்டும்

காலையில் அப்பாவின் மண்டையிலிருந்து வடிந்தது மாலையாகியும் ஆறவில்லை. அது குழாய் வழியாகச் சேர்ந்திருந்த, கட்டிலுக்கடியில் கிடந்த பை தற்செயலாகக் காலில் பட்டபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலியின் சூடு அதில் இருந்தது.

கிடங்கில் ராத்திரி வேலையை முடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவன். கண்ணை மூடித் தூங்கி இரண்டு நாளாகிறது. சூட்டைப் பற்றி யோசிக்கவும் தெம்பில்லை.

அப்பா குளியலறைக் கதவில் தலையை இடித்துக்கொண்டது போன மாதம். அன்றைக்கு லேசாக வீங்கியது, அவ்வளவுதான். பிறகுதான் நடை தள்ளாடியது, இடது கை துவண்டது, பெற்ற மகனையே 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவனைத் தூங்குமூஞ்சி என்பதைத் தவிர வேறெப்படியும் அழைத்தறியாத மனிதர். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் பழைய ரத்தம் தேங்கி அழுத்துகிறது, துளை போட்டு வடித்துவிட்டால் தேறிவிடுவார், கை மட்டும் மெல்லத்தான் வரும் என்றார் டாக்டர். வண்டியிலிருந்து இறக்கிய பழைய ஆயில்போலக் கருப்பாக வடிந்தது. அப்பாவும் தேறினார். மயக்கம் தெளிந்ததும் முதல் பேச்சு: "என்னடா தூங்குமூஞ்சி, ஆப்பரேஷன் எனக்கு, மயக்க ஊசி உனக்கா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

நர்ஸ் கறாரான பெண். தலையணை கூடாது, பை தலைக்குக் கீழே தரையில்தான் இருக்க வேண்டும், தூக்குவதென்றால் முதலில் குழாயின் திருகை மூட வேண்டும், இல்லாவிட்டால் வடிந்ததெல்லாம் திரும்ப ஏறிவிடும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பொழுது சாயும்போது தரை துடைக்கிற அம்மா வந்து பையை எடுக்கச் சொன்னாள். சலைன் ஸ்டாண்டில் ஒரு கொக்கி காலியாக இருந்தது. ஒரு நிமிஷம்தானே. மாட்டினான். ஃபினாயில் நெடியும், ஈரத் தரையில் கலங்கித் தெரிந்த டியூப்லைட்டும், வராந்தாவில் ஏதோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு உருண்டு உருண்டு தேய்ந்துபோன சத்தமும், தரை காயட்டும் என்று நாற்காலியில் சாய்ந்தவனின் இமைமேல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

விழித்தபோது ஜன்னல் இருட்டியிருந்தது. பை கொக்கியிலேயே தொங்கியது. காலியாக. ஒரு பொட்டுக் கறைகூட இல்லை, கழுவி மாட்டியதுபோல.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"தூங்கிட்டீங்களா சார்?"

தலைமாட்டு மணியை அழுத்தினான். யாரும் வரவில்லை. பையைப் பிடுங்கித் தரையில் வைத்து மண்டியிட்டான். குழாயில் ஒரு கோடு இறங்கியது. இறங்கட்டும். எல்லாம் இறங்கட்டும்.

கருப்பாக இல்லை. தெளிந்த, வெளிறிய நீர். பை நிரம்பியது. தொட்டான்.

சில்லிட்டிருந்தது.

"டேய், தூங்குமூஞ்சி."

கட்டிலிலிருந்து அல்ல. முழங்காலுக்குப் பக்கத்தில். தரையிலிருந்து.

"தூக்குடா. குளிருது."

பையை இரண்டு கையாலும் அள்ளி எழுந்தான். தலைக்கு மேலே உயர்த்தினான். குழாயில் நீர் அசைந்தது. ஏறத் தொடங்கியது.

கட்டிலில் இடது கை எழுந்தது. துவண்டு கிடந்த கை. அவசரமே இல்லை அதற்கு. குழாயைத் தடவிக்கொண்டே போனது. திருகைக் கண்டுபிடித்தது. மூடியது.

"மூடிட்டுத்தானே தூக்கணும்னு சொன்னாங்க, சார்."

அவன் உயர்த்திப் பிடித்திருந்த பை குளிரில் நடுங்கியது.