எட்டாவது இணைப்பு

அன்று வெள்ளிக்கிழமை, நிலையத்துக்கு விடுமுறை. ஜவாத்தின் முன்னால் இருந்ததைத் தவிர ஒரு கணினிகூட இயங்கவில்லை. ஆனாலும் கணினிகளை இணைக்கும் சுவிட்சின் நிகழ்வுப் பதிவில், அவன் கண்ணெதிரே, புதிதாக ஒரு வரி ஏறியது: எட்டாவது இணைப்பு வந்தது.

சாய்ந்தமருதுக் கடற்கரையில் இருந்த அந்தக் கணினிப் பயிற்சி நிலையத்தில் வலையமைப்பைப் பார்ப்பவன் அவன். எட்டாவது கேபிள் மாடியறைச் சுவரைத் துளைத்து இறங்கி, மண்ணுக்கடியில் கடல் பக்கம் போய், முன்கட்டடத்தில் அவன் மனைவி பஸ்னாவின் மேசையில் முடிந்தது. சுனாமியில் அந்தக் கட்டடம் அத்திவாரத்தோடு போனது; கேபிளின் இந்த முனையை மட்டும் அவன் சுவிட்சிலிருந்து கழற்றவேயில்லை. வெள்ளி விடுமுறை, ஞாயிறு வேலை என்பது நிலையத்தின் வழக்கம். சுனாமி வந்த அந்த ஞாயிறும் அவள் மேசையில்தான் இருந்தாள். அவள் உடல், மையித்து, கிடைக்கவேயில்லை.

யுத்தமும் முடிந்துவிட்டது, இனி எந்த முகாமிலிருந்து வரப்போகிறாள் என்று அவளைப் பெற்ற ஆயிஷா உம்மாவே சொல்லிவிட்டார். அதனால் இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, மையித்து இல்லாமலே அவளுக்கு ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை. பள்ளிவாசலுக்குப் போகக் கால் வராமல்தான் இந்த மாடியறைக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.

கேபிளுக்குள் உப்புத்தண்ணீர் புகுந்திருக்கும், அவ்வளவுதான். சுவிட்சின் விசிறி ஒரே சீராக இரைந்தது. சூடேறிய பிளாஸ்டிக் மணத்துக்கு அடியில், மூடிக்கிடந்த அறையில் இருக்கவே கூடாத கடற்சேற்றின் வாடை மெல்ல எழுந்து வந்தது. அடுத்த வரி ஏறியது. மறுமுனைக் கணினியின் முகவரி. தண்ணீருக்கு முகவரி ஏது? ஒரு கணினியின் முகவரி இன்னொன்றுக்கு வராது. இது பஸ்னாவின் கணினி. அவனே பொருத்திக் கொடுத்தது.

கைப்பேசி அடித்தது. பஸ்னாவின் அண்ணன், அபுல் ஹஸன் நானா.

"மச்சான், தொழுகைக்கு வரிசையா சஃப் கட்டிட்டாங்க. ஒங்கட ஒரு சொல்லுக்குத்தான் மௌலவி நிக்காரு. தொழுவமா?"

இணைப்பு போனது. வந்தது. போனது. வந்தது.

பொறுங்கள் என்று சொல்ல வாய் திறந்தான். பயம். யா அல்லாஹ், தன் பஸ்னாவுக்கே பயந்தான். அந்த வெட்கத்தில் கண் நிறைந்தது. எட்டாவது இணைப்பை மூடும் கட்டளையைக் கொடுத்தான்.

"ஓம். தொழுங்க."

பள்ளி ஒலிபெருக்கியில் அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் எழுந்தது. சுவிட்சில் எட்டாவது விளக்கு அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

இரண்டாவது தக்பீர். தொய்ந்து கிடந்த கேபிள் நிமிர்ந்தது. இறுகியது. சுவர்த் துளைக்குள் ஒரு விரலளவு போனது. கடல் பக்கம்.

மூன்றாவது. பாய்ந்து பிடித்தான். ஈரம். மறுமுனையில் இருந்த பிடி முரட்டுப் பிடியல்ல. களைத்துப்போன, கெஞ்சுகிற பிடி.

"விட்டிரு புள்ள," என்று அழுதான். "நான் தொழச் சொல்லிட்டன்."

கேபிள் நின்றது. பிறகு இழுத்தது. கையோடு சேர்த்து.

கடைசித் தக்பீரான நான்காவது ஒலித்தபோது அவன் விரல்கள் துளைக்குள் இருந்தன. உள்ளேயிருந்து, சில்லிட்ட சிறிய விரல்கள் ஒவ்வொன்றாக அவற்றைக் கோத்துக்கொண்டன.