முதல் வாளி

“ஜஸ்னா, முதல் வாளி எங்கே போகணும்?” என்று கேட்டார் உம்மா.

“முருங்கைக்கு. கலங்கலா வரும்.”

“அப்புறம்?”

“தெளிஞ்ச தண்ணி டிரம்முக்கு. ஒவ்வொரு தடவையும் இதையே கேக்கறீங்க உம்மா.”

உம்மா சிரித்தார். அன்று மாலை காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அவர்கள் குடியிருந்த டாலிகஞ்சில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளில் தெருமுனையில் யாராவது “பானி ஆ கயா”, தண்ணீர் வந்துவிட்டது என்று இந்தியில் குரல் கொடுப்பார்கள். வீட்டுக்கு வீடு வாளிகள் ஓடும். ஜஸ்னாவின் வீட்டில் குழாயடி அவள் பொறுப்பு. அவளுக்குப் பதினொரு வயது.

இப்போது அந்தப் பொறுப்பும் இல்லை. துக்கம் கேட்க வந்த ரஹ்மத்துன்னிசா மாமி, “தாயில்லாப் பிள்ளை. வேலை வாங்காதீங்க” என்று வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து வாப்பா அவளை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. விளக்குமாற்றைத் தொட்டால் வாங்கிக்கொள்வார். கடையையும் பார்த்து, சோறும் ஆக்கி, கையைச் சுட்டுக்கொள்வார்.

சொந்த வீட்டிலேயே ஜஸ்னா விருந்தாளி போல உட்கார்ந்திருந்தாள்.

“பானி ஆ கயா.”

அவள் எழுவதற்குள் வாப்பா வாளியோடு ஓடினார். முதல் வாளியை அப்படியே டிரம்மில் கவிழ்த்தார். அதில் மிச்சமிருந்த நல்ல தண்ணீரும் கலங்கிவிட்டது.

தம்பி சுஹைப் எட்டிப் பார்த்தான். “வாப்பா, டிரம்முலயா டீ போட்டீங்க?”

வாப்பா சிரிக்கவில்லை. டிரம்மின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார்.

“எனக்கு இதுகூடத் தெரியலையே” என்றார்.

ஜஸ்னா பக்கத்தில் வந்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும் வாப்பா? இது என் வேலை. உம்மா குடுத்தது.”

“நீ சின்னப் பிள்ளைம்மா.”

“அடுப்பு எனக்கு வேணாம். நிறைஞ்ச வாளியை நீங்களே தூக்குங்க. குழாயை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுங்க.”

வாப்பா வாளியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எனக்கு என்ன வேலை?” என்றான் சுஹைப்.

“டிரம்மு மூடியைப் பிடிச்சுக்க. டீ போடறவங்களைக் கிட்ட விடாதே.”

வாப்பா லேசாகச் சிரித்தார். மூவருமாக டிரம்மைச் சாய்த்துக் கலங்கல் தண்ணீரை முருங்கைக்கு விட்டார்கள். மறுபடி நிரப்பினார்கள்.

அடுத்த முறை தெருமுனையில் குரல் கேட்டபோது, குழாயடியில் ஜஸ்னா நின்றாள். வாப்பா பின்னால் வந்து நின்றார்.

“முதல் வாளி எங்கேம்மா போகணும்?”

“முருங்கைக்கு. கலங்கலா வரும்.”

அவள் குழாயைத் திறந்தாள். கலங்கலாகத்தான் வந்தது.