கதவுக்கு ஒரு மூக்கு

‘டக்’ என்று ஒரு சத்தம். குளியலறைக் கதவு உள்பக்கமாகத் தாழிட்டுக்கொண்டது.

அப்பா துண்டு எடுக்கத்தான் போயிருந்தார். பத்து எட்டுகூட இருக்காது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வாளியில் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் கலப்பதற்கு முன் துண்டு ஞாபகம் வந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினால் கதவு சாத்தியிருந்தது.

உள்ளே சிண்டு. இரண்டரை வயது.

அந்த வீட்டில் மொத்தமே மூன்று பேர். அப்பா, பத்து வயது அக்கா நண்டு, தம்பி சிண்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. எதிர்வீட்டுத் தச்சர் தினமும் காலையில் “நண்டு சிண்டெல்லாம் எழுந்தாச்சா?” என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அதுவே ஒட்டிக்கொண்டது.

“சிண்டு! கதவைத் திறடா!” அப்பா கதவைத் தட்டினார்.

உள்ளே சிரிப்புச் சத்தம்.

“விளையாடாதே! அது சுடுதண்ணிடா! கிட்டப் போகாதே! தண்ணியைத் தொடாதே!”

“தண்ணி!” என்றான் சிண்டு. குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்பா சொன்னதில் அவனுக்குத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர்.

நண்டு புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். தரையில் படுத்தாள். கதவுக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதன் வழியே பார்த்தாள்.

இரண்டு சின்னப் பாதங்கள். அவற்றுக்குப் பின்னால் சிவப்பு வாளியின் அடிப்பாகம். நடுவே ஒரு முழம் இருக்கும்.

அப்பாவின் சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தச்சர் கடப்பாரையோடு வந்தார். மாடிவீட்டு டீச்சர் பாதி பின்னிய சடையோடு இறங்கி வந்தார்.

“தள்ளுங்க. ஒரே நெம்புல கழட்டிடறேன்” என்றார் தச்சர். கடப்பாரையைக் கதவிடுக்கில் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். “இது உள்பக்கம் திறக்கிற கதவாச்சே! நான்தானே மாட்டினேன். நெம்பினா புள்ள மேலயோ வாளி மேலயோதான் போய் விழும்.”

“ஜன்னல்?” என்று கேட்டார் டீச்சர்.

“கம்பி போட்டிருக்கு” என்றார் அப்பா. அவர் முகம் வெளிறியிருந்தது.

“நகருங்க, நான் சொல்றேன். அறுபது பிள்ளைங்களை ஒரே குரல்ல உட்கார வைக்கிறவ நான்.” டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தம்பி! தாழ்ப்பாளை நிமிர்த்து! பிறகு இடப்பக்கம் இழு!”

“டீச்சரம்மா, அவனுக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னே தெரியாது” என்றார் தச்சர். “டேய் சின்னவனே! தாழ்ப்பாளைத் தள்ளுடா!”

“சிண்டு, தண்ணி கிட்டப் போகாதே!”

“தாழ்ப்பாளை நிமிர்த்து!”

மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள். அப்பா கதவைப் படபடவென்று தட்டினார்.

சிண்டுவின் சிரிப்பு நின்றுவிட்டது. நண்டு பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒருமுறை தட்டியதும் பாதங்கள் கொஞ்சம் பின்னால் போயின. டீச்சர் கத்தியதும் இன்னும் கொஞ்சம்.

இப்போது நடுவே ஒரு சாண்கூட இல்லை.

“நிறுத்துங்க!” என்றாள் நண்டு. யார் காதிலும் விழவில்லை. அப்பாவின் காலைப் பிடித்து உலுக்கினாள். “அப்பா! நீங்க தட்டத் தட்ட அவன் வாளிகிட்டப் போறான்!”

அப்பாவின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. மற்ற இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நண்டு இடைவெளியில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள். “சிண்டு. ஊஃப்.”

பாதங்கள் அசையவில்லை.

“வாளி ஊஃப்.”

“ஊஃப்?”

“ஆமா. வாளி பெரிய ஊஃப்.”

பாதங்கள் முன்னால் ஓரடி வந்தன. இன்னும் ஓரடி.

“அது என்ன ஊஃப்?” அப்பா கிசுகிசுத்தார்.

“சூடுப்பா. சோறு ஊட்டும்போது ஊதி ஊதிக் கொடுப்பேன்ல? அவனுக்குச் சுடறதெல்லாம் ஊஃப்தான்.”

அப்பா அவளை ஒரு நொடி பார்த்தார்.

இனித் தாழ்ப்பாள். “மாமா, இதை எப்படித் திறக்கணும்?” என்று தச்சரிடம் கேட்டாள்.

தச்சர் விரலால் காற்றில் செய்து காட்டினார். “கீழே மடங்கியிருக்கிற குமிழை மேல தூக்கணும். அப்புறம் கீல் இருக்கிற பக்கம் இழுக்கணும். அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் இல்லை என்று நண்டுவுக்குத் தோன்றியது. பெரியவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பது இரண்டு வேலை. ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

ஆனால் தாழ்ப்பாளுக்குச் சிண்டு என்ன பெயர் வைத்திருக்கிறான்? அது அவளுக்கும் தெரியாது.

“குமிழ்னு சொல்லு” என்றார் டீச்சர், மெல்லிய குரலில். அவருக்கு மெல்லிய குரலும் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“அவனுக்குப் புரியாது டீச்சர்.” நண்டு மறுபடி குனிந்தாள். “சிண்டு, கதவுல என்ன இருக்கு?”

இடைவெளி வழியாக ஆவி வந்து அவள் கன்னத்தில் பட்டது.

“கதவுல என்னடா இருக்கு? அக்காவுக்குத் தெரியலையே.”

உள்ளே அவன் யோசிப்பதுபோல் இருந்தது. பிறகு பதில் வந்தது.

“மூக்கு.”

தச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மூக்கா! சரி, மூக்கைத் தூக்கு.”

பாதங்கள் எம்பின. குதிகால்கள் தரையை விட்டு உயர்ந்தன. ‘கிரீச்.’ குமிழ் அசைந்தது.

“அப்படித்தான்டா என் ராஜா!” அப்பா தன்னை மறந்து கத்திவிட்டார்.

‘டக்.’ குமிழ் கீழே விழுந்தது. பாதங்கள் தடுமாறிப் பின்னால் போயின. ஒரு குதிகால் வாளியில் இடித்தது. தண்ணீர் தளும்பிச் சிந்தியது.

சிண்டு வீறிட்டான்.

அப்பா சுவரில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். தச்சர் கடப்பாரையைத் தூக்கினார். நண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அழாதே, வா, அங்கே நிற்காதே, மூக்கைத் தூக்கு என்று எல்லாம் ஒரே சமயத்தில் வாய்க்கு வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“ஊஃப் பட்டுடுச்சா? வலிக்குதா?”

“வயிக்கி…”

“ஆமா, வலிக்கும். அக்கா இங்கதான் இருக்கேன். இதோ பார், விரல்.” இடைவெளிக்குள் விரலை நுழைத்தாள்.

காத்திருந்தாள். டீச்சர் சடையின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஈரமான ஒரு குட்டி விரல் வந்து அவள் விரலைத் தொட்டது. அழுகை விக்கலாகக் குறைந்தது.

“மூக்கைத் தூக்கு.”

‘கிரீச்.’

“தூக்கிட்டியா?”

“ம்.”

“விட்டுடாதே.” நண்டு எழுந்து, கீல் இருக்கும் பக்கம் அவன் உயரத்தில் விரலை மடக்கித் தட்டினாள். டொக் டொக். “மூக்கு இங்க வரணும். டொக் டொக் கிட்ட.”

“டொக் டொக்” என்றான் உள்ளே இருந்தவன்.

தாழ்ப்பாள் கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. யாரும் மூச்சுவிடவில்லை. டொக் டொக். இன்னும் கொஞ்சம். டொக் டொக்.

‘சடக்.’

அப்பா பாய்ந்தார். நண்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “கதவுக்குப் பின்னாடியே நிக்கிறான்பா! மெதுவா!”

கதவு விரல் விரலாகத் திறந்தது. கை நுழையும் அளவு வந்ததும் அப்பாவின் கை உள்ளே போய்ச் சிண்டுவின் தோளைப் பிடித்தது. அதன் பிறகுதான் மற்றவர்கள் மூச்சுவிட்டார்கள்.

குதிகாலில் கட்டைவிரல் அளவுக்குச் சிவந்திருந்தது. அப்பா அவனைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சமையலறைக் குழாயடியில் காலைப் பிடித்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சிண்டு கையையும் நீட்டி விளையாட ஆரம்பித்தான்.

தச்சர் திருப்புளியை எடுத்துவந்து தாழ்ப்பாளைக் கழற்றினார். “மூக்கறுப்பு நடக்குது, யாரும் அழாதீங்க” என்றார்.

“கதவுக்கு மூக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?” என்று கேட்டார் டீச்சர்.

“எனக்குத் தெரியாது டீச்சர். அவன்கிட்ட கேட்டேன்.”

டீச்சர் பாதியில் விட்ட சடையைப் பின்னி முடித்தார்.

அன்று நண்டு பள்ளிக்குத் தாமதமாகப் போவதாக முடிவாயிற்று. எல்லோரும் போன பிறகு அப்பா ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சிண்டு அவர் மடியில் இருந்தான்.

“சொல்லு. ஊஃப்னா சூடு. மூக்குன்னா தாழ்ப்பாள். வேற என்னெல்லாம் சொல்றான்?”

“‘பாப்பா’ன்னா கண்ணாடி. ‘போச்சு’ன்னா தூக்கம் வருதுன்னு அர்த்தம். ‘கீச்சு’ன்னா நம்ம மின்விசிறி.”

அப்பா வரிசையாக எழுதினார். பாதித் தாள் நிறைந்தது. பேனா நின்றது.

“என்னை என்னன்னு சொல்றான்?”

நண்டு சிரித்துவிட்டாள். “இது என்ன கேள்வி? ‘அப்பா’ன்னுதான்.”

அப்பா அதையும் எழுதிக்கொண்டார்.