அரை இஞ்ச் விட்டு வெட்டிய சட்டை

“அந்த டம்ளரை அங்கேயே வெச்சுட்டுப் போ!”

தையல்கடை கட்டிங் மாஸ்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார். சொன்னது பெண்டாட்டியிடம்.

டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு அவள் தையல் மெஷினுக்குத் திரும்பினாள். நாற்பத்திரண்டு நாளாக இதே கதைதான். இன்றைக்குக் கூடுதலாக, வாசலில் ஒரு சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதில் மாஸ்டரின் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் நாத்தனார். தெரு முழுக்க அவளுக்கு ‘மைக்செட்’ என்றுதான் பெயர். அவள் ரகசியம் பேசினால் நாலு வீடு தள்ளி அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார்கள்.

“அண்ணே, நம்ம வீட்டுல உங்களுக்குத் தனி ரூம் போட்டாச்சு. உயிர் போற நேரத்துல எட்டிக்கூடப் பாக்காதவங்க கையால இனி ஒரு வாய் தண்ணி வேணாம்!”

பெண்டாட்டியின் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடியது.

என்ன சொல்வது? அன்றைக்கு நடந்தது அவளுக்குத் தெரியும். நாத்தனாருக்கும் தெரியும். பெற்ற பிள்ளைக்கும் தெரியும்... அதுதானே நெஞ்சை அறுக்கிறது!

அன்றைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த மாஸ்டரை மூன்று பேருமாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போன நாலாவது நிமிஷம் இதயம் நின்றுவிட்டது. கதவைத் திறந்து ஒரு நர்ஸ் வந்தாள்.

“வீட்டு ஆள் ஒருத்தர் உள்ள நிக்கலாம். பாக்கத் தைரியம் இருக்கறவங்க மட்டும் வாங்க.”

முதலில் பாய்ந்தது நாத்தனார்தான். உள்ளே ஒருவன் அண்ணன் மார்பின்மேல் ஏறி நின்றவன்போல் அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். வாசலிலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். மகன் தரையைப் பார்த்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குக் கால் நகரவில்லை.

இவள் போனாள்.

நர்ஸ் அவளைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, “காலைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்கம்மா” என்றாள். பேசினாள். பதினோரு நிமிஷம் பேசினாள்.

மாஸ்டர் கண் விழித்தபோது முதலில் கேட்டது, “யாரு என் காலைப் பிடிச்சிருந்தது?” என்றுதான். அப்போது பக்கத்தில் இருந்தவள் மைக்செட்.

“நான்தாண்ணே...! அண்ணி வெளியே பெஞ்சில உக்காந்துட்டாங்க.”

மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவள் கதவருகிலேயே அதைக் கேட்டாள். டாக்டர் சொல்லியிருந்தார்: மனசு அதிரக் கூடாது. சரி, நாலு நாள் போகட்டும், பிள்ளை சொல்லுவான் என்று இருந்தாள். பிள்ளை சொல்லவில்லை. பிறகு அவளே சொல்லப் போனபோது மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தி... கடைசில பெஞ்சில உக்காந்தியாமே!”

அவள் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

“என் வாட்ச் எங்க?” என்றார் மாஸ்டர் இப்போது.

“ஆஸ்பத்திரியில கொடுத்த கவர்லதான் இருக்கும்ப்பா.” மகன் பீரோமேல் இருந்து பிளாஸ்டிக் கவரை இறக்கினான். வந்த நாளிலிருந்து யாரும் அதைப் பிரிக்கவில்லை. அவளுக்கு அதைத் தொடவே கை வரவில்லை.

மாஸ்டர் உள்ளே கைவிட்டார். வாட்சோடு சட்டையும் வந்தது. போன வருஷம் அவள் தைத்துக் கொடுத்த நீலச் சட்டை. வெட்டுப்பட்டு இரண்டாகத் தொங்கியது.

மாஸ்டர் வாட்சைக் கீழே வைத்துவிட்டார். சட்டையை மடியில் விரித்து, விரலால் தடவினார். முப்பது வருஷம் துணி வெட்டிய விரல். மெஷின் நின்றது.

“உள்ள இருந்தியேம்மா நீ... இதை யாரு வெட்டினா?”

“நர்ஸ்தாண்ணே!” தங்கை சட்டென்று சொன்னாள். “அவசரத்துல கண்டபடி கிழிச்சுப்போட்டா. என் கண்ணால பாத்தேனே!”

“கண்டபடியா?”

மாஸ்டர் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

“பட்டன் பட்டியை ஒட்டி, தையலுக்கு அரை இஞ்ச் பிடிப்பு விட்டு வெட்டியிருக்கு. ஒரு காஜா ஓட்டைகூட அறுபடல. பாக்கெட்டைத் தொடாம வளைஞ்சு போயிருக்கு. தோள்ல தையல் மேலயே ஏறியிருக்கு... நர்ஸா வெட்டுவா இப்படி? நான் கத்துக்கொடுத்த வெட்டு இது! இந்த வெட்டு இந்த ஊர்ல ரெண்டு கைக்குத்தான் வரும். ஒண்ணு என் கை. நான் செத்துக் கிடந்தேன்!”

மைக்செட் முதல்முறையாக ஊமையானது.

“டேய்... நீ சொல்லு.”

மகன் சூட்கேஸ்மேல் அப்படியே உட்கார்ந்து உடைந்துபோனான். “அம்மாதான்ப்பா உள்ள போனாங்க. அத்தையும் நானும் வெளியே... நான் பயந்துட்டேன்ப்பா! நீ வாயைத் திறந்தா, அப்பன் சாகக் கிடக்கறப்ப நீ தரையைப் பாத்துட்டு நின்னதை நானும் சொல்லுவேன்னு அத்தை...”

“நானா சொன்னேன்...? அண்ணே, உங்க மேல இருக்கற பாசத்துல ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்த நாத்தனார், அண்ணன் முகத்தைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் சட்டையோடு எழுந்து மெஷினருகே வந்தார்.

“ஏன் இப்படி வெட்டினே?”

“நர்ஸ் கத்தரி டபுள் தையல்ல சிக்கிக்கிச்சு. வாங்கி வெட்டினேன்.”

“அது இல்ல. உயிர் போயிட்டிருக்கு... அப்பப் போய் எதுக்குப் பிடிப்பு விட்டே?”

அவள் நிமிர்ந்தாள். நாற்பத்திரண்டு நாள் அடக்கியது கண்ணில் பொங்கி வழிந்தது.

“எழுந்து வந்து மறுபடி போடுவீங்கன்னுதான்!”

மாஸ்டர் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

“செத்துக் கிடந்த ஆளுக்கே நான் அரை இஞ்ச் விட்டேன். உயிரோட இருக்கற எனக்கு நீங்க நூலளவு விட்டீங்களா? இவ பொய் சொன்னா, இவ குணம் அது. பிள்ளை பயந்தான், சின்னவன். நீங்க...? ஒரு தடவை ‘நிஜமா?’ன்னு என்னைக் கேட்டீங்களா?”

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“கடை திறக்க நேரமாச்சு. சூட்கேஸ்ல இருக்கறதைப் பிரிச்சு வைக்கறதும், தூக்கிட்டுப் போறதும் உங்க இஷ்டம்.”

செருப்பை மாட்டிப் படி இறங்கினாள். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டாள். பின்னால் மெஷின் சத்தம் கேட்டது. தடக்... தடக்... நின்றது. மறுபடி தடக். பழகாத மிதி. வெட்டத்தான் தெரியும் அந்த மனுஷனுக்கு. தைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒவ்வொரு மிதிக்கும் அவர் முனகுவது கேட்பதுபோல் இருந்தது.

‘அன்னிக்கு நெஞ்சை அழுத்தினதுல முறிஞ்ச விலா எலும்பு இன்னும் முழுசாக் கூடலையே...’

நின்றாள். கண்ணைத் துடைத்தாள். திரும்பி நடந்தாள்.

உள்ளே சூட்கேஸ் காலியாக இருந்தது. மகன் துணிகளை பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தான். நாத்தனாரைக் காணோம். மெஷின் முன்னால் மாஸ்டர், நீலச் சட்டைமேல் கோணல்மாணலாக ஒரு தையல், அதன்மேல் சொட்டுச் சொட்டாக ஈரம்.

“தள்ளுங்க” என்றாள்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். அவள் அந்தக் கோணல் தையலை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் ஸ்டூலில் ஆறிக்கிடந்த டீயைப் பார்த்து, மகனிடம் சொன்னாள்:

“அதைச் சூடு பண்ணி அப்பாவுக்குக் குடுடா.”