கீழேயிருந்து ஒரு தட்டு!

"சாயங்காலத்துக்குள்ள இந்த ரூம் காலியாகணும் மாமா!"

"என்னது?"

"ரூம்! காலி!"

"காலியா? நீ வேற... இப்பத்தான் புதுசா ரெண்டு பெட்டி வந்திருக்கு மாப்ளே!"

டாக்ஸிக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.

பின்னே? அடுத்த வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம். புதுப் பெண்டாட்டியோடு குடியிருக்க அக்கா வீட்டு மாடியில் இருந்தது இந்த ஓர் அறைதான். அந்த அறையிலோ தரையிலிருந்து கூரைவரை இரும்பு அலமாரிகள்... அலமாரி நிறைய ரெக்கார்டுகள்!

மூவாயிரம்!

அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களில் லிஃப்டைப் பழுதுபார்க்கப் போவார். அடித்தளத்தில் யாரோ கைகழுவிவிட்டுப் போன பெட்டிகளைக் கிளறுவார். ஜாஸ், சோல் ஜாஸ், ஃப்யூஷன் என்று, வாசித்தவனே மறந்துபோன ஆல்பங்களாகப் பார்த்துத் தூக்கி வருவார். தலைமுடி முதல் செருப்பு வரை தூசி. தெருவில் அவருக்குப் பெயரே 'தூசி'தான்.

"கட்டிலை எங்க போடறது மாமா? 'எஸ்' வரிசைக்கும் 'டி' வரிசைக்கும் நடுவுலயா?"

"சத்தமா சொல்லுடா!"

"இதுக்கு மேல சத்தமா சொன்னா போலீஸ்தான் வரும்!"

ரெக்கார்டு பிளேயரில் கிடாரும் டிரம்சும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து...

டொக்! டொக்!

கீழே அக்காவின் லாண்டரி. உயரத்தில் தொங்கும் துணிகளை எடுக்கிற கொக்கிக் கழியால் கூரையை இடிக்கிறாள். இருபது வருஷமாக இதே கச்சேரிதான். புருஷன் மேலே போடுவார்... பெண்டாட்டி கீழே இடிப்பாள். 'அந்த மனுஷனை எப்படித்தான் கட்டிக்கிட்டு அழுவுறாளோ' என்று தெருவே உச்சுக்கொட்டும்.

"பாரு, உங்கக்கா மாத்தச் சொல்றா."

தூசி லீவரைத் தட்டினார். முள் அலுங்காமல் எழுந்தது. வேறு ரெக்கார்டைத் தேடக் குனிந்தார்.

டாக்ஸிக்காரனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"நான் கத்தினா கேக்கல... அவ இடிச்சா மட்டும் கேக்குதா? சாயங்காலம் வருவேன்! இதெல்லாம் இங்கயே இருந்தா ஒண்ணொண்ணா உடைப்பேன்! தடுக்க வந்தா உங்க மண்டையையும் சேர்த்து!"

ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு ட்யூஷன் மாஸ்டர் கேட்டார். மூன்றாம் மாடி அம்மாள் கேட்டாள். கேட்காதவர்களுக்கு அந்த அம்மாள் இறங்கி வந்து சொன்னாள்.

சாயங்காலம் நாலே முக்கால்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று படியேறி வந்தான் டாக்ஸிக்காரன்.

கதவு திறந்திருந்தது.

"மாமா..."

தூசி தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அவருடைய பெரிய ஸ்பேனர்.

உலகத்தில் எந்த முட்டாளும் செய்யக்கூடாததை அவன் செய்தான்.

ஸ்பேனரைக் கையில் எடுத்தான்!

"ஐயோ... கொலை!"

வாசலில் ஒரு குரல் அலறியது. திரும்பினான்.

கட்டுரைக்காரர்!

யாரும் கேட்காத ஆல்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுகிறவர். தூசியின் எட்டு வருஷச் சிநேகிதர். கழுத்தில் மஃப்ளர், கண்ணில் தங்க ஃப்ரேம்.

"பாவி! சொன்ன மாதிரியே பண்ணிட்டியேடா!"

"ஹச்!"

போலீஸ் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டருக்கு அலமாரித் தூசி ஆகாது. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிவந்தார்.

"நாலு மணியிலிருந்து எங்கப்பா இருந்தே?"

"வண்டியில தூங்கிட்டு இருந்தேன் சார்."

"யார் பாத்தா?"

"தூங்கும்போது யாரை எழுப்பிக் காட்டறது சார்?"

"நக்கலா? தெருவே சாட்சி சொல்லுது. ஸ்பேனர்ல உன் கைரேகை. ஹச்! கல்யாணப் பத்திரிகையை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லு. கிளம்பு."

டாக்ஸிக்காரனுக்குக் கல்யாணப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது... வெள்ளிக்கிழமை வந்தது...

கட்டுரைக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"நான் ஒரு வாரமா இந்தப் பக்கமே வரல சார். இன்னிக்கு வந்தா... இப்படியா பாக்கணும்!"

"ஒரு நிமிஷம்."

அக்கா வாசலில் நின்றாள். கையில் கஞ்சிப்பசை காயவில்லை. கண் மட்டும் காய்ந்திருந்தது.

"நீங்க அழுதுட்டு உக்காருங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கறேன் சார். என் தம்பி கொல்லல."

"எப்படிச் சொல்றீங்க?"

"கீழ நின்னு கேட்டேன். நாலு பத்துக்கு மேல ரெக்கார்டு ஓடிட்டிருந்தது. ஆர்கன் முடிஞ்சு சாக்ஸபோன் எடுக்குது. நான் கூரையைத் தட்டினேன்."

"சத்தம் தாங்காம."

அவள் தரையைக் காட்டினாள்.

"நான் தட்டினா அவர் காலால ஒரு உதை உதைப்பாரு. சரின்னு அர்த்தம். இன்னிக்கும் 'தொம்'முனு கேட்டுச்சு. சரிங்கறாருன்னு நினைச்சுட்டு... நான் பாட்டுக்கு சட்டை தேய்ச்சேன் சார்..."

குரல் ஒரு கணம் அறுந்தது. பிடித்துக்கொண்டாள்.

"அது அவர் விழுந்த சத்தம்."

இன்ஸ்பெக்டர் தும்மலைக்கூட விழுங்கினார்.

"அவர் விழுந்த பிறகும் சாக்ஸபோன் ஒரு மூச்சு வாசிச்சது. அப்புறம் நின்னுது. கீறல் இல்ல, இழுப்பு இல்ல. லீவரைப் போட்டு முள்ளைத் தூக்கினாத்தான் அப்படி நிக்கும். செத்தவர் எந்திரிச்சு தூக்கினாரா?"

"உங்க தம்பி தூக்கியிருக்கலாம்."

"இவனா? டேய், இங்க வா. அந்த மேல்தட்டு ரெக்கார்டை எடுத்துப் போடு."

"எனக்குத் தெரியாதுக்கா... ரெண்டு வருஷம் முன்னாடி ஒண்ணைக் கீறிட்டு மாமா மூணு வாரம் பேசல..."

"போடுடா!"

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். டாக்ஸிக்காரன் முள்ளைப் பிடித்தான். கியர் போடுகிற கை அது! ரெக்கார்டு சுழன்றது... முள் இறங்கியது...

க்ர்ர்ர்ராக்!

"அடப்பாவி! விடுறா!"

பிணம் கிடந்த இடத்துச் சாக்பீஸ் கோட்டைத் தாண்டிக் குதித்தார் கட்டுரைக்காரர். ஒற்றை விரலால் லீவரைத் தட்டினார்.

முள் எழுந்தது.

சுத்தமான நிசப்தம்!

"இதே நிறுத்தம்தான் சார்" என்றாள் அக்கா.

கட்டுரைக்காரரின் முகம் வெளிறியது. ஆனாலும் சிரித்தார்.

"என்னம்மா இது? ரெக்கார்டு வச்சிருக்கிற எவனும் இதைத்தான் செய்வான்."

"செய்வான். அதான் கேக்கறேன்... அப்ப ஓடின ரெக்கார்டு எங்க? நாங்க வந்தப்ப பிளேயர் காலி. கொன்னவன் அதை எறியல, உடைக்கல. பத்திரமா உறையில போட்டு வச்சிருக்கான்."

"மூவாயிரத்துல எதும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் அதுவரை கேட்காத பாட்டு. அப்ப இன்னிக்கு வந்த பெட்டியிலதான் இருக்கணும்."

இரண்டு பெட்டிகளின் முன்னால் மண்டியிட்டாள். எல்லா உறைகளிலும் அடித்தளத்து மண் அப்பியிருந்தது. வரிசையாக விரலால் தள்ளினாள். அழுக்கு... அழுக்கு... அழுக்கு...

ஒன்றில் நின்றாள்.

"இது மட்டும் துடைச்சிருக்கு சார். மனுஷன் மண்டையை உடைச்சிட்டு, அட்டைத் தூசியைத் துடைச்சிருக்கான்."

ஏதோ விமான நிலைய ஹோட்டல் ஒன்றில் வாசித்த மூவர் குழு. அட்டையில் ஒரு மேஜை விசிறியின் படம். இன்ஸ்பெக்டர் கையுறை போட்டு ரெக்கார்டை வெளியே இழுத்தார்.

கறுப்புப் பள்ளங்களில் ஒரு விரல்தடம் இல்லை. பழகினவன் பள்ளத்தைத் தொடமாட்டான். ஓரத்தையும் நடு லேபிளையும்தான் பிடிப்பான்.

மஞ்சள் லேபிளில் ஒரு கட்டைவிரல் ரேகை.

காபி நிறத்தில்... ஆனால் காபி இல்லை!

"ஒரு வாரமா இந்தப் பக்கமே வரலைன்னீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தப் பெட்டி காலையிலதான் வந்திருக்கு. விரலை நீட்டுங்க."

கட்டுரைக்காரர் விரலை நீட்டவில்லை. மஃப்ளரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"பின்படிக்கட்டு வழியா வந்தேன்... புஸ்தகம் வருது சார். கேட்கப்படாத நூறு ஆல்பம். நூறும் அவன் பொறுக்கினது. ஒவ்வொரு குறிப்பும் அவன் எழுதிக் கொடுத்தது. எட்டு வருஷமா என் பேர்ல வந்துச்சு. இன்னிக்கு திடீர்னு 'அட்டையில பேர் போடணும்'னு நிக்கறான். ஊருக்குத் தெரிஞ்சா நான் யாரு? அப்படி ஒரு காது... அவன் காது இருக்கிற வரைக்கும் நான் வெறும் பேனா சார்!"

அக்கா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு டாக்ஸிக்காரனுக்கு முதுகு சில்லிட்டது.

"அவர் காதா? பதினஞ்சு வருஷம் லிஃப்ட் மோட்டாரோட குடித்தனம் பண்ணி ரெண்டு காதும் போயாச்சு. வெளியில தெரிஞ்சா வேலை போயிடும்னு மறைச்சோம். நீ பின்னால வந்து நின்னதுகூட அவருக்குக் கேட்டிருக்காது."

"அ... அப்ப குறிப்பு?"

"நான் எழுதினது. லாண்டரி பில்லுக்குப் பின்பக்கம். அவர் தேடிட்டு வருவார், போடுவார். நான் கீழ தேய்ச்சுக்கிட்டே கேப்பேன். ஒரு தட்டுன்னா வச்சுக்கோ. ரெண்டு தட்டுன்னா மாத்து. தரையில அதிர்றது அவர் காலுக்குத் தெரியும்."

டாக்ஸிக்காரன் வாயைப் பிளந்தான். இருபது வருஷச் சண்டை என்று தெரு பேசிச் சிரித்தது... சண்டையே இல்லையா?

"அட்டையில அவர் பேரையா போடச் சொன்னார்?" என்றாள் அக்கா.

கட்டுரைக்காரரின் உதடு துடித்தது.

"பேர் போடணும்னுதான் சொன்னான்... யார் பேர்னு... நான் கேட்கல."

"என் பேருய்யா!"

அக்காவின் கண்ணீர் அப்போதுதான் உடைந்தது.

"ஆளை மாத்திக் கொன்னுட்டு நிக்கறே!"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். தும்மினார். அதோடு அந்த வீட்டில் போலீஸ் வேலை முடிந்தது.

கட்டுரைக்காரர் உள்ளே போனார். அவர் மனைவி அந்த வாரமே வீட்டைக் காலிசெய்துகொண்டு தங்கை ஊருக்குப் போனாள். மூன்றாம் மாடி அம்மாளுக்குப் பேச ஆறு மாதத்துக்கு விஷயம் கிடைத்தது. புத்தகம் வந்தது. அட்டையில் லாண்டரிக்காரியின் பெயர். நூற்றியொன்றாவதாக மேஜை விசிறி ஆல்பம். அதற்குக் குறிப்பு ஒரே வரி: 'ஒரு தட்டு.'

மூன்று மாதம் தள்ளி டாக்ஸிக்காரனுக்குக் கல்யாணம் நடந்தது. மாடி அறையில்தான் குடித்தனம். ஒரு ரெக்கார்டுகூட நகரவில்லை. கட்டில் சரியாக 'எஸ்'ஸுக்கும் 'டி'க்கும் நடுவில்.

எட்டாம் நாள் புதுப்பெண் குரலை உயர்த்தினாள்.

"இது வீடா, குடோனா? திரும்பிப் படுத்தா மூக்குல அட்டை இடிக்குது!"

"நான் என்னடி பண்ண? அக்காகிட்ட நீயே கேளு!"

"ஏன், உங்களுக்கு வாயில்லையா?"

டொக்! டொக்!

புதுப்பெண் திடுக்கிட்டாள்.

"ஐயோ... உங்கக்கா என்ன சொல்றாங்க?"

டாக்ஸிக்காரன் தரையில் காலால் ஓர் உதை உதைத்தான்.

"இந்தச் சண்டை தேறாதாம். வேற போடச் சொல்றா!"